மலையில் வசந்தம்: வீட்டுத் தோட்டம், கைவேலை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் குடியிருப்பவர்களும், வேலை மாற்றலாகிப் புதிதாக மேலே வந்தவர்களும் ஆண்டுதோறும் மாசி பிறந்ததும் கேட்கும் கேள்விகள் இவை. வீடியோக்களிலும் விதைப் பொட்டலங்களிலும் இருக்கும் குறிப்புகள் பெரும்பாலும் கீழே, சமவெளியில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே இங்கே செய்தால் விதையும் வீண், உழைப்பும் வீண். அதனால் பதில்கள் எல்லாம் மலைக் கணக்கில்தான்.

இங்கே வசந்தம் எப்போது தொடங்குகிறது?

பஞ்சாங்கத்தில் இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். நமக்கு அதற்கு முன்னாலேயே வந்துவிடும். நவம்பரில் நீர்ப்பனி, டிசம்பர் ஜனவரியில் உறைபனி, பிப்ரவரி பாதிக்கு மேல் பனி தளர்ந்து பகலில் நல்ல வெயில். அதிலிருந்து ஏப்ரல் கடைசி வரை வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் பொன்னான காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் அப்புறம் வெளியே கால் வைக்கவே யோசிக்க வேண்டும்.

ஊரைப் பொறுத்து நாள் மாறும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,850. அந்த 400 மீட்டருக்கே இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் வந்துவிடும். உயரம் மட்டுமல்ல, பள்ளமா மேடா என்பதும் முக்கியம். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி வெள்ளையாக உறைந்திருக்கும் காலையில், பக்கத்து மேட்டில் வெறும் ஈரம்தான் இருக்கும். ஆகவே எதிர்வீட்டுக்காரர் விதைத்துவிட்டார் என்று நீங்களும் விதைக்க வேண்டாம். உங்கள் வாசலில் பனி எங்கே தங்குகிறது என்று ஒரு குளிர்காலம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியில் நாற்று வாங்கிவிட்டேன். திடீரென்று பனி கொட்டினால்?

தாவரவியல் பூங்காவில் குளிர்காலத்தில் மலர்ச்செடிகளுக்கு மேல் காய்ந்த செடிக்கொத்துகளைக் குடை மாதிரி கவிழ்த்து வைத்திருப்பார்களே, அதுதான் கோத்தகிரி மிலார். அதே வழி வீட்டுக்கும் சரி. மிலார் கிடைக்காவிட்டால் வைக்கோல், பழைய சாக்கு, பழைய வேட்டி, எதுவானாலும் மாலையில் மூடிக் காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். துணி இலையில் படாதபடி நாலு குச்சி நட்டு அதன்மேல் போடுவது நல்லது. மூட மறந்து காலையில் இலைமேல் பனி உறைந்திருந்தால், வெயில் ஏறுவதற்கு முன்பே தண்ணீர் தெளித்துக் கரைத்துவிடுங்கள்.

கருகிப்போன நுனிகளை உடனே வெட்ட வேண்டாம். ஃபுச்சியா, ஜெரேனியம், ஹைட்ரேஞ்சியா எல்லாம் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். காய்ந்த நுனி அதுவரை உள்மொட்டுக்குப் போர்வையாக இருக்கட்டும். மார்ச் முதல் வாரத்துக்கு மேல் கத்தரிக்கோலை எடுங்கள்.

எங்கள் வீட்டு ஹைட்ரேஞ்சியா நீலம், தங்கை வீட்டில் கோவை ரோட்டுப் பக்கம் ரோஸ். ஒரே பதியன்தான். ஏன்?

மண்தான் காரணம். நீலகிரி மண் பெரும்பாலும் புளிப்பு மண். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியாகச் செடிக்குள் போகிறது, பூ நீலமாகிறது. சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் அலுமினியம் கரையாமல் கட்டுண்டு கிடக்கும், பூ ரோஸ் நிறமாகிறது. வெள்ளை வகை மட்டும் எந்த மண்ணிலும் வெள்ளைதான். வீட்டுச் சுவர் ஓரம் சிமெண்டும் சுண்ணாம்பும் உதிர்ந்த மண்ணில் ஒரே செடியில் இரண்டு நிறம் வருவதும் உண்டு. நிறத்தை மாற்றிப் பார்க்க ஆசை என்றால் தொட்டியில் வைத்துச் செய்யுங்கள். ஒரே வாரத்தில் மாறாது, அடுத்த பருவத்துப் பூவில்தான் தெரியும்.

இதைக் கேட்பவர்கள் பூவுக்காகக் கேட்கிறார்கள். எனக்கு இதில் பெரிய லாபமாகத் தெரிவது, காசில்லாத மண் பரிசோதனை கிடைத்துவிடுவதுதான். நீலமாகப் பூக்கும் இடத்தில் முட்டைக்கோஸ் வைத்தால் திணறும். புளிப்பு மண்ணில் கோஸ், காலிஃபிளவர் வேர்கள் குண்டு குண்டாக வீங்கி, நல்ல வெயிலில் செடி துவண்டு போகும் நோய் மலையில் சாதாரணம். அந்தப் பாத்திக்கு நடுவதற்கு முன்பே டாலமைட் என்னும் சுண்ணாம்புப் பொடி போட்டுக் கிளறி விடுங்கள். எவ்வளவு என்பதை மண் பரிசோதனை செய்து கேட்டுக்கொள்வதே சரி. அடுப்புச் சாம்பலும் புளிப்பைக் குறைக்கும், ஆனால் ஒரு கைப்பிடி போதும்.

சுண்ணாம்பே கூடாத செடிகளும் உண்டு: அசேலியா, கேமெல்லியா, தேயிலை. உருளைக்கிழங்குப் பாத்தியிலும் தாராளமாகப் போட வேண்டாம், கிழங்குத் தோலில் சொறி பிடிக்கும்.

சின்ன இடம்தான். என்ன காய்கறி போடலாம்?

முதலில் முள்ளங்கி. சுமார் 45 நாளில் பிடுங்கிவிடலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதுதான் சரியான தொடக்கம், பொறுமை அதிகம் கேட்காது. அடுத்தது பீட்ரூட், பட்டாணி. பட்டாணிக்குக் குளிர் பிடிக்கும், பிப்ரவரியிலேயே ஊன்றிக் குச்சி கட்டிவிடலாம். பீன்ஸ் அப்படியில்லை, ஒரே ஒரு இரவு உறைபனி போதும், முழுப் பாத்தியும் கருகிவிடும். மார்ச் பாதிக்கு மேல் போடுங்கள்.

கேரட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீலகிரி என்றாலே கேரட் என்று எல்லோரும் அதில்தான் கை வைக்கிறார்கள். நாற்று விட்டுப் பிடுங்கி நடக் கூடாது, நேரே பாத்தியில் விதைக்க வேண்டும். விதை பொடியானது, மணலோடு கலந்து தூவினால் பரவலாக விழும். குளிரில் முளைக்க 10 முதல் 15 நாள்கூட ஆகும், அதுவரை மேல்மண் காயக் கூடாது. கல்லும் கட்டியும் உள்ள மண்ணிலும், அப்போதுதான் மாட்டெரு போட்ட மண்ணிலும் கிழங்கு இரண்டு கால் மூன்று கால் விட்டுக் கோணிக்கொள்ளும். எருவை முந்தைய பயிருக்கே போட்டு முடித்துவிடுங்கள். விரல் உயரம் வந்ததும் நெருக்கத்தைக் கலைத்தே ஆக வேண்டும். மனசு வராது, ஆனாலும் பிடுங்குங்கள். பிடுங்கியதைத் தழையோடு பருப்பில் போட்டால் அது ஒரு தனி ருசி. முழுதாக விளைய 100 நாளுக்கு மேல் ஆகும்.

வேலியோரமோ பழைய பந்தலோ இருந்தால் மேரக்காய் ஒன்று போதும். சிலர் சௌசௌ என்பார்கள். விதையைத் தனியே எடுக்க முடியாது, முளை விட்ட முழுக்காயையே சாய்த்துப் பாதி புதைக்க வேண்டும். பனியில் கொடி கருகினாலும் வேர் உயிரோடிருக்கும், அடுத்த வெயிலில் மறுபடி ஏறும். காய்க்கத் தொடங்கினால் அக்கம்பக்கத்தார் உங்களைக் கண்டாலே ‘வேண்டாம் அக்கா, வீட்டில் இருக்கு’ என்பார்கள்.

தக்காளி? ஊட்டி உயரத்தில் திறந்தவெளியில் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். குளிரும் ஈரமும் சேர்ந்தால் பின்கருகல் நோய் வந்து இலையும் காயும் கறுத்துவிடும். குன்னூர், கோத்தகிரி பக்கம் மரத்தக்காளி வைத்துப் பாருங்கள். சட்னிக்கு அருமை.

எங்கள் வீட்டு உருளைக்கிழங்கை விதைக்காக ஊருக்கு அனுப்பலாமா?

சமைக்க அனுப்புங்கள், விதைக்கு வேண்டாம். உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரியில், 1961-இல். அதன் முட்டைக்கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அதனால்தான் இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போவதற்குத் தடை இருக்கிறது. கிழங்கில் ஒட்டியிருக்கும் மண்ணும் அதைச் சுமந்து போகும். பிரியமான உறவினருக்கு ரோஜாச் செடி கொடுக்கும்போது தாய்மண்ணோடு கொடுக்காமல், வேறு மண் கலவையில் வேர் பிடித்த பதியனாகக் கொடுங்கள். உங்கள் சொந்தப் பாத்தியில் போட குப்ரி சுவர்ணா போல இந்தப் புழுவைத் தாங்கும் ரகங்கள் உண்டு. ஒரே பாத்தியில் ஆண்டுக்காண்டு கிழங்கே போடாமல் நடுவில் பட்டாணி, முள்ளங்கி, கோஸ் என்று மாற்றுங்கள்.

மட்குக் குழி மாதக் கணக்கில் அப்படியே கிடக்கிறதே?

குளிர். கீழே இரண்டு மூன்று மாதத்தில் மட்கும் குப்பை இங்கே அதைவிட நெடுநாள் எடுக்கும். இட்லி மாவு புளிக்க ராத்திரி முழுக்கப் போர்வை சுற்றி அடுப்படியில் வைக்கிறோம் இல்லையா, குழிக்கும் அதே உபசாரம் தேவை. வெயில் விழும் இடத்தில், குறைந்தது இடுப்பளவு அகலமும் உயரமும் உள்ள குவியலாகப் போட்டு, மேலே சாக்கால் மூடுங்கள். சின்னக் குவியல் சூடே ஏறாது. மார்ச்சில் சில்வர் ஓக் இலை நிறைய உதிரும், கையால் நொறுக்கிச் சமையலறைக் கழிவோடு மாற்றி மாற்றி அடுக்குங்கள். முழு இலையாகப் போட்டால் லேசில் மட்காது. டீத்தூள் சக்கை கொஞ்சம் போடலாம்.

தண்ணீர்?

வசந்தத்தில் மலையில் நிஜமான தட்டுப்பாடு இதுதான். பிப்ரவரியிலிருந்து கோடை மழை வரும்வரை பல இடங்களில் குழாய்த் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறைதான். அரிசி, காய் கழுவிய தண்ணீரைச் செடிக்கு விடுங்கள், பாத்திமேல் காய்ந்த இலையோ புல்லோ பரப்புங்கள். காலையில் விடுங்கள். மாலையில் விட்டால் ஈரம் இரவுக் குளிரில் தங்கி நோய் வரும்.

காட்டெருமை வந்து எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டுப் போகிறது. என்ன செய்வது?

குன்னூரிலும் கோத்தகிரியிலும் இதைக் கேட்காத வீடு இல்லை. வளர்ந்த கடா ஆயிரம் கிலோவரை இருக்கும், அதை விரட்டுகிறேன் என்று கிட்டே போகாதீர்கள். கல் எறிவது, பட்டாசு கொளுத்துவது, நாயை ஏவுவது எதுவும் வேண்டாம். அது போகும் வழியை விட்டுவிட்டு உள்ளே இருந்துகொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். காய்கறிப் பாத்தியை வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள், தொட்டிகளை இரவில் வராந்தாவுக்குள் எடுத்துவிடுங்கள். வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது குற்றம், உயிரையும் வாங்கும்.

கரடிக்கு வேறு கணக்கு. அது எண்ணெய் வாசனைக்கும் பழத்துக்கும் வரும். விளக்குக்கு ஊற்றும் எண்ணெய்க்காகக் கோயில் கதவையும், சமையல் எண்ணெய்க்காக வீட்டுக் கதவையும் உடைப்பது நடக்கிறது. பழுத்த பேரிக்காயைத் தரையில் அழுகவிடாதீர்கள், எண்ணெய் டின்னைப் பின்வாசலில் வைக்காதீர்கள். முள்ளம்பன்றி கிழங்கைத் தோண்டும். வேலியடியில் தகரத்தை ஒரு முழம் ஆழத்துக்குப் புதைத்தால் பெரும்பாலும் நிற்கும்.

லைன் வீடு, வாசல்படி மட்டும்தான் இடம்.

அதுவே அழகு. தேயிலைத் தோட்ட லைன் வீடுகளின் வாசலில் பெயிண்ட் டப்பாவில் பூத்துக் குலுங்கும் ஜெரேனியத்துக்கு எந்தப் பங்களாத் தோட்டமும் ஈடில்லை என்பது என் கட்சி. டப்பா அடியில் ஆணியால் நாலைந்து துளை போட்டு, உடைந்த ஓடு ஒன்றைப் போட்டு, மண், மட்கு, மணல் கலந்து நிரப்புங்கள். ஜெரேனியம், ஃபுச்சியா இரண்டுக்கும் விதை வாங்கத் தேவையில்லை. மார்ச்சில் ஒரு சாண் கிளையை வெட்டி அடி இலைகளைக் கிள்ளிச் செருகினால் வேர் விடும். ஜெரேனியக் குச்சியை வெட்டியதும் அரை நாள் காயவிட்டு நடுங்கள், அழுகாது.

சின்னக் குழந்தைகள் இருந்தால் ஒரு எச்சரிக்கை. குழல்போல் தொங்கும் வெள்ளை, மஞ்சள் பூ உள்ள ஊமத்தை வகைச் செடியும், மணி மணியாய்ப் பூக்கும் டிஜிட்டாலிஸும் மலைத் தோட்டங்களில் சகஜம். இரண்டும் நல்ல விஷம்.

பூக்களை உலர்த்திக் கைவேலை செய்ய எது ஏற்றது?

தொட்டால் காகிதம்போல் சரசரக்கும் ஹெலிகிரைசம் முதலிடம். பூ முழுக்க விரிவதற்குள் காம்போடு வெட்டி, கொத்தாகக் கட்டி, இருட்டான காய்ந்த இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் நிறம் போய்விடும். ஹைட்ரேஞ்சியாவைப் புதிதாகப் பூத்ததும் வெட்டினால் சுருங்கிவிடும். செடியிலேயே இதழ் தடித்துக் காகிதம்போல் ஆனபிறகு வெட்டுங்கள். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலைக்கொத்தும் பைன் காயும் சேர்த்தால் வாசல் வளையம் தயார். சொந்த வளாகத்தில் விழுந்ததை மட்டும் பொறுக்குங்கள், காப்புக்காட்டுக்குள் போய் எடுக்கக் கூடாது. காட்டுப்பூவரசு (ரோடோடெண்ட்ரான்) செக்கச்செவேல் என்று பூத்து மயக்கும், அதையும் பார்ப்பதோடு சரி.

ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொள்ள ஆசை. எதில் தொடங்கலாம்?

மஃப்ளர், அப்புறம் குல்லாய், அப்புறம்தான் ஸ்வெட்டர். 8-ஆம் எண் ஊசி, அதாவது 4 மில்லிமீட்டர், கைக்கு வசதி. கடையில் கம்பளி என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் நூல்தான் தருவார்கள். பழகுவதற்கு அதுவே போதும். சொரசொரப்பு இல்லாத வெளிர் நிறம் வாங்குங்கள், கறுப்பில் கண்ணி விட்டுப்போனால் மாலை வெளிச்சத்தில் தெரியாது. பின்ன நேரம் எது என்றால், மழைமாதம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு மார்ச் பிற்பகல்தான் பிடிக்கும். கை விறைக்காது, வாசல்படியில் உட்கார்ந்தால் யாராவது வந்து ஒரு புது டிசைன் சொல்லிவிட்டுப் போவார்கள்.

மலைக்கென்றே செம்மறி இனம் ஒன்று உண்டு, நீலகிரி ஆடு. உள்ளூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத் டவுன் இனங்கள் கலந்து உருவானது, மெல்லிய கம்பளி தரும். சாண்டிநல்லாவில் இதற்கான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

தோடர் பூவேலையை வீட்டில் போட்டுப் பார்க்கலாமா?

கற்றுக்கொள்ளலாம், ஆனால் அது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள். தடித்த வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும் நூலால் தோடப் பெண்கள் போடும் வேலை அது. வட்டச் சட்டம் கிடையாது, பென்சிலால் கோடு வரைவது கிடையாது. துணியின் ஊடையும் பாவும் எத்தனை இழை என்று கண்ணாலும் விரலாலும் எண்ணியே ஊசி போகும். போடும்போது மேலே தெரியும் பக்கம் அல்ல, சுருக்கம் எழும்பி நிற்கும் அடிப்பக்கமே வெளியே காட்டும் பக்கம். இப்படிப் போர்த்தும் பூத்துக்குளி என்னும் சால்வையை ஆணும் பெண்ணும் அணிகிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

எண்ணிப் போடப் பழக மேட்டித் துணியில் தொடங்குங்கள், இழைகள் தெளிவாகத் தெரியும். வீட்டுத் தலையணை உறைக்குப் போட்டுக்கொள்வதில் தவறில்லை. அதைத் தோடர் வேலை என்று சொல்லி விற்பதுதான் தப்பு. மிஷினில் அச்சாக அடித்த சால்வைகளும் அதே பெயரில் கடையில் தொங்குகின்றன. மறுபக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், கைவேலை தானே தெரியும். விலை அதிகமாகப் படும். ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும் என்று நினைத்தால் படாது.

உண்ணிச்செடிக் குச்சியில் கூடை பின்னலாமா?

பின்னலாம். குச்சியை வேகவைத்து, தோல் உரித்து, ஈரம் இருக்கும்போதே வளைக்க வேண்டும். கையுறை அவசியம், முள் குத்தும். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் இதே குச்சியில் நிஜ யானை உயரத்துக்கு யானைகள் செய்து, 2021-இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. காட்டை அடைக்கும் களை இது, வெட்ட வெட்டக் காட்டுக்கும் நல்லதுதான். மாட்டுக்கு விஷம் என்பதால் இலையைத் தொழுவத்துப் பக்கம் போடாதீர்கள்.

ஜாம் பாட்டிலில் கல்லாகிவிடுகிறது. பருப்போ வேகவே மாட்டேன் என்கிறது. என்ன கோளாறு?

இரண்டுக்கும் காரணம் உயரம். மேலே போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிரச் சூடு போதவில்லை, பருப்பு எப்படி வேகும்? குக்கர்தான் வழி.

ஜாமுக்கு இது தலைகீழாகப் படுத்தும். செய்முறையில் 104, 105 டிகிரி என்று போட்டிருப்பது கடல்மட்டக் கணக்கு. அந்தச் சூடு வரும்வரை இங்கே கிண்டினால் தண்ணீர் முழுக்கச் சுண்டிப் பாகு முறிந்துவிடும். ஊட்டியில் 97, குன்னூரில் 98, 99 பக்கம் வந்ததும் இறக்குங்கள். தெர்மாமீட்டர் இல்லையா, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளுங்கள், மேலே சுருக்கம் விழுந்தால் பதம். மார்ச்சில் ஸ்ட்ராபெர்ரி, மே ஜூனில் பிளம்ஸ், அதற்குப் பின் பேரி என்று வரிசை. பிளம்ஸ் தானாகவே நன்றாக இறுகும். ஸ்ட்ராபெர்ரிக்கு எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும்.

கம்பளி, ரஜாய் எல்லாம் பூஞ்சை வாசனை அடிக்கிறது.

மார்ச் வெயிலில் இரண்டு நாள் போடுங்கள், மாலை நாலு மணிக்கு முன் எடுத்துவிடுங்கள். மூடுபனி இறங்கினால் காய்ந்ததெல்லாம் திரும்ப ஈரமாகிவிடும். பின்னிய ஸ்வெட்டரைக் கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும், பாயில் விரித்துக் காயவையுங்கள்.

மே மாதம் உறவினர்கள் வருகிறார்கள், தோட்டத்தைக் காட்ட ஆசை. என்ன சொல்லி வைக்க வேண்டும்?

மே என்றால் மலர்க் கண்காட்சி. 1848-இல் உருவாக்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவில் நடக்கும் அந்தக் கண்காட்சிக்கு வீட்டுத் தோட்டங்களுக்கான போட்டியும் உண்டு. உங்கள் ஜெரேனியம் நன்றாக இருந்தால் தோட்டக்கலைத் துறையில் முன்கூட்டியே விசாரியுங்கள். குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி.

வருபவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், 2024 மே 7 முதல் இந்த நடைமுறை. நீலகிரிப் பதிவெண் உள்ள வண்டிக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், கேரி பேக் கொண்டு வர வேண்டாம், மாவட்டத்தில் தடை, சோதனைச் சாவடியிலேயே வாங்கிக்கொள்வார்கள். அபராதமும் உண்டு. திரும்பும்போது அவர்களுக்கு மேரக்காய் கொடுத்தனுப்ப நினைத்தால் துணிப்பை நீங்களே தைத்து வைத்துவிடுங்கள்.